உத்தரத்துக்குக் கீழே பத்தடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிருக்கு உன் முழங்கால் வலி கூடியிருக்குமே, எண்ணெய் போட்டு உருவுகிறாயா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் குதிரைப் போலீஸ் லாயத்தில் இந்த வருஷம் இரண்டு குதிரைகளுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். ஒன்று நெட்டையன். நான் இங்கே லாடம் அடிக்கச் சேர்ந்த வாரம் வந்தவன். பதினாலு வருஷமாக அவன் காலை என் மடியில் தாங்கியிருக்கிறேன். இன்னொன்று சாம்பல் என்று ஒரு பெட்டை. ஒரு கண் தெரியாது, பரம சாது. ஏப்ரல் முடிவதற்குள் யாராவது பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் கூட்டிப் போகலாம். இல்லையென்றால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் தானியம் போட்டுவைத்த பழைய கல் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது? இரண்டும் அங்கே தாராளமாக நிற்கும். ஆனால் கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்வாளர் வந்து இடத்தைப் பார்ப்பார். தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். மாமாவை அளந்து எழுதச் சொல். மச்சுப் பலகை வரைக்கும் அளக்கக் கூடாது. தரையிலிருந்து, இருப்பதிலேயே தாழ்வான உத்தரத்தின் அடி வரைக்கும்.

மாமாவுக்கு என் வணக்கம். பதில் சீக்கிரம் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே இருவரும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நீ நாள் முழுக்க உலைக்கு முன்னால் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு ஆள் இருக்கிற வீட்டில் இரண்டு குதிரை எதற்கு? "இவனுக்கென்ன மூளை பிசகிப்போச்சா?" என்று சத்தமாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உன் மாமாவைக் காணோம். கொட்டகைக்குள் பெஞ்சு மேல் ஏறி, டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மாவு ஆலையை மூடின பிறகு இந்த இரண்டு வருஷம் அவர் எப்படி இருந்தார் என்று உனக்கு நான் முழுசாக எழுதியதில்லை. காலையில் எழுந்து ஆலைக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். "பசிக்குதா?" என்றால் "தெரியலை" என்பார். பசிக்கிறதா என்று கூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது? அப்படிப்பட்டவர் அன்றைக்கு "அடியே, இந்த முனையைக் கெட்டியாப் பிடி, ஆட்டாதே" என்று என்னை அதட்டினார். நானும் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

அளவு இது. உத்தரத்தின் அடிக்கு ஏழடி பத்து அங்குலம். பலகைக்கு எட்டடி ஏழு அங்குலம். மாமா கையை உயர்த்தினால் விரல் உத்தரத்தில் தட்டுகிறது. "குதிரை இங்க வந்தா தொப்பி போட முடியாது போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தார், தம்பி.

போதுமா போதாதா, எழுது.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம். உங்கள் நலத்துக்குப் பஞ்சமிருக்காது என்று நினைக்கிறேன்.

அளவு போதாது. நெட்டையன் சும்மா தலையை நிமிர்த்தினாலே எட்டடி. பயந்தால் மனுஷன் குனிவான், குதிரை நிமிரும். உச்சி மண்டை உத்தரத்தில் மோதும். லேசாக மோதினால் அப்புறம் அந்த வாசலைக் கண்டாலே பின்வாங்கும். பலமாக மோதினால் நின்ற இடத்திலேயே விழும். அப்படி விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு கூரை தாழ்வாக இருந்தால் மூத்திர நெடி மேலே போக வழியில்லாமல் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். ஆறே மாதத்தில் இருமல் வந்துவிடும். பன்னிரண்டு அடி இருந்தால் ராஜ வாழ்க்கை. ஆய்வாளரின் விதியில் பத்தடி. அதற்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

மச்சைப் பிரிக்க முடியாது, கூரையே அந்த உத்தரத்தின் மேல்தான் நிற்கிறது என்று எனக்கு ஞாபகம். மேலே போக முடியாவிட்டால் கீழே போகலாமே? மண் தரைதான். இரண்டரை அடி இறக்கினால், படுக்கைக்கு வைக்கோல் போட்ட பிறகும் பத்தடி நிற்கும். வாசலில் ஒரு சரிவு வைத்தால் போதும். மாமாவின் முதுகு இதற்குத் தாங்குமா என்று மட்டும் யோசியுங்கள்.

தம்பி


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுறது. நான் கடுதாசி எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு. எழுத்து கோணலா இருந்தா நீ தலையைச் சாய்ச்சுப் படிச்சுக்கோ. உங்க அக்கா சௌக்கியம். நான் அதைவிட சௌக்கியம். நேத்து மூணாம் தரம் தட்டை நீட்டினப்போ அவ என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு, கல்யாணமான புதுசுல பார்த்த பார்வை.

தோண்ட ஆரம்பிச்சு பதினோரு நாள். முதுகு தாங்குமான்னு கேட்டியே, முதுகு தாங்குது, மண்வெட்டிதான் தாங்கலை, ரெண்டு தடவை பிடி கழண்டு போச்சு. கை முழுக்கக் கொப்புளம். மருந்து போட வந்தவளை "விடு, இதுங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, கொஞ்ச நாள் தங்கிட்டுப் போகட்டும்"னு தடுத்துட்டேன்.

ஒரு சந்தேகம். தெருமுனையில இருக்கிற கொத்தனார் எட்டிப் பார்த்தார். "நடுவுல எவ்வளவு வேணும்னாலும் இறக்குங்க. சுவரை விட்டு மூணு அடி தள்ளி நிறுத்திக்குங்க. இந்த மாதிரி பழைய சுவருக்கு அஸ்திவாரம் ஒன்றரை அடிக்கு மேல இருக்காது. அதுக்குக் கீழே பறிச்சீங்கன்னா சுவர் அந்தரத்துல நிக்கும்"னார். சரின்னு சுத்திலும் திட்டு விட்டிருக்கேன். ஆனா தீனித் தொட்டியைச் சுவரோரம்தானே வைக்கணும்? குதிரை முன்னங்காலைத் திட்டு மேல வச்சா தலை பழையபடி உத்தரத்துல. இடமும் குறுகிப் போகுது. என்ன பண்ணட்டும்? குதிரை தெரிஞ்சவன் நீ. நீ சொன்னா சரி.

உடம்பைப் பார்த்துக்கோ. அக்கா உன் கல்யாணத்தைப் பத்தி எழுதச் சொன்னா. எழுதலை. நீ பொழைச்சுப் போ.

மாமா


மார்ச் 18

மாமாவுக்கு அநேக வணக்கம். உங்கள் கடிதத்தை லாயத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நெட்டையனுக்கும்தான்.

சுவர் வரைக்கும் இறக்கிவிடுங்கள். ஆய்வாளர் டேப்பைத் தீனித் தொட்டிக்கு நேராகத்தான் பிடிப்பார், குதிரையின் தலை அங்கேதானே இருக்கும். திட்டு இருந்தால் ஒற்றைக் கண் சாம்பல் கட்டாயம் தடுக்கி விழுவாள். கொத்தனார் பேச்சைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படி நாலு வீட்டில் பயமுறுத்தினால்தான் அவருக்கு ஒரு வீட்டில் வேலை கிடைக்கும். இரண்டடி கனத்துக் கல் சுவர் அது, எத்தனை மழையைப் பார்த்தது! அசையாது. நான் சொல்கிறேன், தைரியமாகச் செய்யுங்கள்.

நாள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் இருபதுக்குள் கையெழுத்து கிடைத்துவிட்டால் இரண்டும் பிழைத்தன.

மாப்பிள்ளை


ஏப்ரல் 14

தம்பிக்கு,

இருவரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று ஆய்வாளர் வந்தார். குள்ள மனிதர். நாலு இடத்தில் அளவுகோலை நிறுத்தினார், பெஞ்சு மேல் ஏறியும் எட்டாமல் மாமாவைப் பிடிக்கச் சொன்னார். பத்தடி ஒன்றரை அங்குலம். "பரவாயில்லையே, எங்க லாயத்தைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாமா அவரைத் தெருக்கோடி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பின்சுவரின் அடியில், புதிதாக வெட்டின இடத்தில், கல்லுக்குக் கீழே மண் உதிர்கிறது. காலையில் பெருக்கினால் மறுநாள் அதே இடத்தில் ஒரு பிடி கிடக்கிறது. "புது வெட்டு அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமா. கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு தரம் காட்டட்டுமா? உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள். இருபத்தாறாம் தேதி லாரி கிளம்புகிறது. இரண்டுக்கும் புது லாடம் அடித்திருக்கிறேன். முதல் மூன்று நாள் தீனியைக் குறைத்துக் கொடுங்கள், புது இடத்தில் வயிறு பிடித்துக்கொள்ளும். சாம்பலுக்குத் தெரியாத கண் இடது கண், அந்தப் பக்கமிருந்து போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நெட்டையன் பல்லைக் காட்டினால் பயப்படாதே, அவன் முகமே அப்படித்தான்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதமில்லை. இங்கே நாலு பேரும் நலம். ஆமாம், நாலு பேர்தான்.

நெட்டையன் மாமாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். தலையை எவ்வளவு தூக்கினாலும் உத்தரம் எட்டாது என்பதில் மாமாவுக்கு அத்தனை பெருமை, யார் வந்தாலும் அதைத்தான் காட்டுகிறார். சாம்பல் சரிவில் இறங்க மட்டும் பயப்படுகிறாள். மாமா அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு "வாம்மா, வா, ஒண்ணுமில்லை, நான் இருக்கேன்ல" என்று பேசிக்கொண்டே போனால்தான் காலை எடுத்து வைப்பாள். என்னிடம் இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

மழை ஆரம்பித்துவிட்டது. கொட்டகைத் தரை இப்போது வெளியைவிடத் தாழ்வு அல்லவா, தண்ணீர் ஊறி வருகிறது. காலையும் மாலையும் வாளியால் மொண்டு ஊற்றுகிறோம். மண் உதிர்வது பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய்.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தந்தி மூன்றாம் தேதி கிடைத்தது. உடனே கிளம்பியிருக்க வேண்டும். அணிவகுப்புக்காக நாற்பது குதிரைக்கு லாடம் மாற்றுகிற வேலை, லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. நீ தனியாக எல்லாவற்றையும் எப்படிச் செய்தாயோ.

இந்த வருஷம் எங்கேயும் பேய் மழை. நூறு வருஷச் சுவர்கூடத் தாங்காது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆய்வாளர் சுவரையும் பார்த்திருக்க வேண்டும். உயரத்தை மட்டும் அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது பெரிய தப்பு. அவர் மேல் ஒரு மனு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. மேலிடத்தில் கொடுக்கிறேன்.

மனசைத் தேற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

இருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். மூன்று நாள் விடாத மழை. ஜூலை ஒன்றாம் தேதி மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். கொட்டகையிலிருந்து நெட்டையன் சுவரை உதைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தண்ணீர் அதுகளின் முழங்காலுக்கு நிற்கிறது. மாமா உள்ளே இறங்கி நெட்டையனை அவிழ்த்து விரட்டினார், அவன் ஒரே தாவில் மேலே வந்துவிட்டான். சாம்பல் வரவில்லை. சரிவு தண்ணீருக்குள் மறைந்துவிட்டதால் அவளுக்குக் கால் வைக்கத் தெரியவில்லை. மாமா அவள் முன்னால் நின்று, பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினார். நான் வாசலில் நின்று "விட்டுட்டு வாங்க" என்றேன். "ரெண்டு எட்டுதான், வந்துடுவா" என்றார். பின்சுவர் சத்தமே போடாமல் சாய்ந்தது. காலுக்கடியில் தரை நழுவுகிற மாதிரி அடிப்பக்கம் உள்ளே வந்தது. அப்புறம் உத்தரம்.

கொத்தனாரும் தெருக்காரர்களும் வந்து கல்லை எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் எடுத்தார்கள். மாமாவின் கை கயிற்றை விடவில்லை. கொத்தனார் மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து, இடிந்த கல்லையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

நீ அனுப்பின மனுவைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் அளக்க வந்தார், அளந்தார்.

வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்கு இருந்தால் எழுது.

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

மூன்று மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

லீவு கொடுத்தார்கள். தந்தியைக் காட்டின உடனேயே கொடுத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு ரயிலடி வரை போனேன். ரயில் வந்து நின்றது, போனது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் நீ கேட்பாய், அல்லது கேட்க மாட்டாய். இரண்டும் என்னால் முடியாது என்று தோன்றியது. அறைக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை.

சுவர் வரைக்கும் இறக்கு என்று எழுதினது நான். மாமா திட்டு விட்டிருந்தார். கேட்டுத்தான் செய்தார். குதிரையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஒரு சுவரைக் கட்டியிருக்கிறேனா, இடித்திருக்கிறேனா? ஆனால் தெரிந்தவன் மாதிரி எழுதினேன். வேலை தெரிந்த மனுஷனைக் கேலி பண்ணி எழுதினேன்.

இன்னொன்று இருக்கிறது. மண் உதிர்கிறது என்று நீ எழுதினதை நான் மறக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்றே அதை இரண்டு தடவை படித்தேன். கொத்தனார் வந்து பார்த்தால் மண்ணைத் திரும்பக் கொட்டச் சொல்வார், உயரம் போய்விடும், போட்ட கையெழுத்தும் செல்லாமல் போகும், நெட்டையனுக்கு ஊசி போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆகவே அந்த வரியைப் படிக்காதவன் மாதிரி பதில் எழுதினேன். குதிரையின் பல்லைப் பற்றி எழுதினேன்.

மன்னிப்பு கேட்கிற அளவுக்கு எனக்கு முகம் இல்லை. நீ சொன்னால் வருகிறேன். வராதே என்றாலும் சரி.

தம்பி


நவம்பர் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலில் வீக்கம் இருக்கிறது. நடமாடுகிறேன்.

நீ இப்போது எழுதியிருப்பது எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் ஜூலையில் வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மழை இருந்தது, ஆய்வாளர் இருந்தார், நாற்பது குதிரை இருந்தது. நீ இல்லை. இதை நீ எழுதாமலே இருந்திருந்தால், உனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதை நீ மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதிவிட்டாய். அதனால் வலி ஒன்றும் குறையவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

ஆனால் நீ எழுதின பிறகு நான் எழுதாமல் இருப்பது நியாயமில்லை. கொத்தனார் வீடு நம் தெருமுனையில். நான் தினமும் கடைக்குப் போகிற வழி. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க, அவர் வாசலைத் தாண்டித்தான் போனேன். அவர் வெளியே உட்கார்ந்திருப்பார். "என்னம்மா, தோண்டி முடிஞ்சுதா?" என்று ஒரு நாள் கேட்டார். "முடிஞ்சுதுங்க, நல்லா இருக்கு" என்று சொன்னேன். அன்றைக்குக் காலையில் பெருக்கின மண் ஒரு பிடி இல்லை, ஒரு முறம். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னோடேயே எழுந்து வந்திருப்பார். வந்தால் மண்ணைத் திரும்பக் கொட்டச் சொல்லியிருப்பார். உன் மாமா காலையில் விசில் அடித்துக்கொண்டு எழுந்தார், இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அது நின்றுபோய்விடும் என்று பயந்தேன். உன்னைக் கேட்டு எழுதினேனே, நீ சரி என்று எழுதியிருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். தெரியவில்லை. உன்னிடமிருந்து பதில் வராதது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இதைக் கொத்தனாரிடம் போன வாரம் சொன்னேன். அவர் "நான் ஒருக்கா வந்து பார்த்திருக்கலாம்மா" என்றார்.

இனி இதைப் பற்றி நீயும் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். வந்தாலும் பேச வேண்டாம்.

நெட்டையன் வெட்டவெளியில் மரத்தடியில் நிற்கிறான். குளம்பு வளர்ந்து லாடத்தை மீறிப்போய், முன்னங்கால் இரண்டையும் ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றித் தூக்குகிறான். தீனியும் சரியாக எடுப்பதில்லை. இங்கே அந்த வேலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதற்காக வா.

அக்கா